கன்சல்டிங்கில் மேனேஜரோடு ஒத்துப்போவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்சல்டிங்கில், அதாவது மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில், சேர்ந்து எனக்கு 11 வருடம் ஆகிறது. முதல் நாலு வருடம் அனலிஸ்டாகவும் அசோசியேட்டாகவும் பல மேனேஜர்களிடம் வேலை பார்த்தேன், அப்புறம் நானே மேனேஜர் ஆனேன். திருச்சி, கோவை, மதுரைப் பக்கமிருந்து புதிதாகச் சேரும் பிள்ளைகள் போன் செய்தால் பெரும்பாலும் எக்செல் பற்றியோ ஸ்லைடு பற்றியோ கேட்பதில்லை. "அக்கா, என் மேனேஜர் என்ன எதிர்பார்க்கிறார்னே புரியல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

கன்சல்டிங் மேனேஜருக்கும் மற்ற ஆபீஸ் மேனேஜருக்கும் என்ன வித்தியாசம்?

வங்கியிலோ ஐடி கம்பெனியிலோ ஒரே மேனேஜரிடம் மூன்று நாலு வருடம் இருக்கலாம். ஆரம்பத்தில் சரியாக அமையாவிட்டாலும் போகப் போகப் பழகிவிடும். இங்கே அந்த அவகாசம் கிடையாது. ஒரு ப்ராஜெக்ட் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், ரொம்ப நீண்டால் நாலைந்து மாதம். முடிந்ததும் டீம் கலைந்துவிடும், ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவீர்கள், உங்களைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த ஒன்றிரண்டு பக்கம் மட்டும் அப்ரைசலில் நிற்கும்.

பெரிய கன்சல்டிங் கம்பெனிகளான மெக்கின்சியில் எங்கேஜ்மென்ட் மேனேஜர், பிசிஜியில் (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்) ப்ராஜெக்ட் லீடர் என்று பெயர் மாறும், இருக்கும் இடம் ஒன்றுதான். மேலே பார்ட்னர் (கம்பெனியின் பங்குதாரர்), எதிரே கிளையன்ட் (நம்மிடம் ஆலோசனை கேட்கும் கம்பெனி), கூடவே நீங்கள் இரண்டு மூன்று பேர். பார்ட்னர் ஒரே நேரத்தில் பல கிளையன்ட்டைப் பார்ப்பதால் அன்றாடப் பாரம் முழுக்க மேனேஜர் தலையில் விழும். கிளையன்ட் எம்.டி. ஒரு எண்ணைக் காட்டி "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். ஆனால் அந்த எண்ணைப் போட்டது நீங்கள். தான் போடாத கணக்குக்குத் தினமும் தானே ஜவாப்தாரியாக நிற்கும் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள், அவர் செய்கிற பல விஷயங்களுக்குக் காரணம் புரிந்துவிடும். அவருக்கும் அப்ரைசல் உண்டு. குறிப்பிட்ட வருடங்களுக்குள் அடுத்த படிக்குப் போகாவிட்டால் வெளியே போக வேண்டும் என்ற "அப் ஆர் அவுட்" வழக்கம் உங்களுக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான்.

முதல் வாரத்தில் அவரிடம் என்ன பேச வேண்டும்?

முதல் இரண்டு நாளுக்குள் இருபது நிமிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். "உங்களோடு எப்படி வேலை செய்தால் உங்களுக்கு வசதி என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று நேராகச் சொன்னாலே போதும், மறுக்கிற மேனேஜரை நான் பார்த்ததில்லை.

அந்த இருபது நிமிடத்தில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் படிக்கிற ஆளா, கேட்கிற ஆளா என்பது. நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் இந்த வித்தியாசத்தைப் பல வருடம் முன்பே எழுதியிருக்கிறார், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவரை உதாரணமாகக் காட்டுவார். இரண்டாம் உலகப்போரில் தளபதியாக இருந்தபோது ஐசனோவரின் பத்திரிகையாளர் சந்திப்புகள் பேர் பெற்றவை, ஏனென்றால் கேள்விகள் எழுத்தில் முன்கூட்டியே அவர் கைக்கு வந்துவிடும். ஜனாதிபதி ஆனபிறகு நின்ற இடத்தில் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டி வந்தது, அதே மனிதர் தடுமாறினார். உங்கள் மேனேஜர் படிக்கிறவர் என்றால் முதலில் ஒரு பக்கம் அனுப்பிவிட்டு அப்புறம் போய்ப் பேசுங்கள். கேட்கிறவர் என்றால் நீளமான மெயில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், அவர் டீ குடிக்க எழுந்திருக்கும்போது கூடவே நடந்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை வேலையைக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். சிலர் பேப்பரில் பேனாவால் கிறுக்கிய ஸ்லைடைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகச் சொல்வார்கள், சிலருக்கு முழுசாக முடித்துக் காட்டினால்தான் பிடிக்கும். இந்த ப்ராஜெக்டில் பார்ட்னர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றும் கேளுங்கள். பெரும்பாலான புதியவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் மேனேஜருக்கு உங்கள் மேல் ஒரு மதிப்பு வரும்.

நான் கொடுக்கும் எல்லாவற்றையும் அவர் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார். என்னை நம்பவே இல்லையா?

இப்போதைக்கு இல்லை, நம்பக் காரணமும் இன்னும் கிடைக்கவில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் எண்ணைத் திரும்பப் பார்க்காமலே அவர் மீட்டிங்குக்குள் போகிற நாள் ஒன்று வரவேண்டும். மேனேஜரோடு நல்ல உறவு என்று நான் சொல்வது அதைத்தான், சிரித்துப் பேசுவதும் சேர்ந்து சாப்பிடுவதும் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

அந்த நாள் சீக்கிரம் வர வேண்டுமானால் சில பழக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே அது எந்த ஃபைல், எந்த ஷீட், யார் கொடுத்தது, என்றைக்குக் கொடுத்தது என்று எழுதி வையுங்கள். அனுமானமாகப் போட்ட எண்ணை வேறு நிறத்தில் காட்டுங்கள். அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வந்து, இந்த எண் உலகத்தில் நடக்கக்கூடியதுதானா என்று பாருங்கள். இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 2 கோடி இருசக்கர வாகனங்கள் விற்கின்றன. உங்கள் ஷீட் வருடத்துக்கு 40 கோடி ஹெல்மெட் விற்கும் என்று காட்டினால் ஃபார்முலா எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கேயோ தப்பு. மேனேஜர் முதலில் செய்வதே இந்த மாதிரி மனக்கணக்குதான், அதனால்தான் ஒரே பார்வையில் தப்பைக் கண்டுபிடிக்கிறார். நீங்களே அதைச் செய்துவிட்டு, "மேலோட்டமாக இன்னொரு வழியில் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஒத்து வருகிறது" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் மூன்று நாலு வாரத்திலேயே அவர் சரிபார்ப்பது குறைவதைப் பார்ப்பீர்கள். ஒரு முறை பெரிதாகத் தப்பு செய்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தப்பு செய்துவிட்டேன். எப்போது சொல்வது?

தெரிந்த நிமிடமே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது ப்ராஜெக்ட். கிளையன்ட்டுக்கு மூன்று தொழிற்சாலை, செலவுக் கணக்கு என் பொறுப்பு. எங்கள் மாடல் (எக்செல் கணக்கு) முழுக்க மில்லியனில் இருந்தது. இரண்டு தொழிற்சாலைகள் மில்லியனிலேயே கொடுத்தன, மூன்றாவது மட்டும் லட்சத்தில் கொடுத்திருந்தது. நான் கவனிக்காமல் அப்படியே ஒட்டிவிட்டேன். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஆக அந்த ஒரு தொழிற்சாலையின் செலவு பத்து மடங்காகத் தெரிந்தது, அதை மூடிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு ஒரு ஸ்லைடே உருவாகிவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டீர்கோ, அதாவது கிளையன்ட்டின் பெரிய தலைகளோடு மீட்டிங். முந்தின இரவு 11:30க்கு எதற்கோ ஷீட்டைத் திறந்தபோது கண்ணில் பட்டது. கை நடுங்கியது. போனை எடுத்தேன், வைத்தேன். தூங்கியிருப்பார், திட்டுவார், நாமே சரிசெய்துவிட்டுக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திவிட்டு ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். அதற்குள் பார்ட்னர் பழைய டெக்கை (ஸ்லைடு தொகுப்பை) காலை ஆறு மணிக்கே கிளையன்ட்டின் நிதித் தலைவரான சி.எஃப்.ஓ.வுக்கு அனுப்பியிருந்தார்.

மேனேஜர் கத்தவில்லை. "எண்ணைத் திருத்த எனக்குப் பத்து நிமிஷம் போதும். ஏழரை மணி நேரம் எனக்குத் தெரியாம இருந்துச்சே, அதை என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார். அவரும் பார்ட்னரும் சி.எஃப்.ஓ.வை நேரில் போய்ப் பார்த்துச் சமாளித்தார்கள். அடுத்த மூன்று வாரம் என் ஒவ்வொரு செல்லையும் அவர் திறந்து பார்த்தார், நியாயம்தான்.

சொல்லும்போது அழுது புலம்ப வேண்டாம், காரணம் அடுக்கவும் வேண்டாம். என்ன தப்பு, எந்த ஸ்லைடு வரை அது போயிருக்கிறது, யார் யார் கையில் அந்த டெக் இருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்ற நாலே விஷயம். டேட்டா தாமதமாகும், இண்டர்வியூ கிடைக்கவில்லை, மாடல் உடைந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் இதேதான். கெட்ட செய்தி உங்களிடமிருந்து வந்தால் அவருக்கு அது ஒரு வேலை. கிளையன்ட்டிடமிருந்து வந்தால் அவமானம்.

நான் விளக்கமாகச் சொன்னாலும் பாதியிலேயே "சரி, விஷயம் என்ன?" என்று கேட்கிறார். ஏன்?

நாம் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பழகியவர்கள். வீட்டில் அது அழகாக இருக்கும். கன்சல்டிங்கில் முடிவு முதலில் வரவேண்டும், காரணம் அப்புறம். 1963-ல் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ இதைத்தான் பிரமிட் என்று வகுத்துக் கொடுத்தார். உச்சியில் பதில், அதற்குக் கீழே அதைத் தாங்கும் இரண்டு மூன்று காரணங்கள், அவற்றுக்கும் கீழே ஆதாரம். ஸ்லைடுக்கு மட்டுமில்லை, காரிடாரில் பேசும் பேச்சுக்கும் இது பொருந்தும்.

"காலையில கிளையன்ட் ஆபீஸ் போனேன், ஃபைனான்ஸ்ல இருக்கிறவர் லீவு, அவரோட ஜூனியரைப் பிடிச்சேன், அவர் ரெண்டு பிளான்ட்டுக்குத்தான் குடுத்தார், ஓரகடம் பிளான்ட்டுக்குக் கேட்டா..." என்று போனால் மேனேஜர் மனதில் அதுவரை ஓடிக்கொண்டிருப்பது டேட்டா வந்ததா வரலையா என்பது ஒன்றுதான். இதையே "மூணுல ரெண்டு பிளான்ட் டேட்டா வந்துடுச்சு. ஓரகடம் நாளைக்கு மதியம் வரும், வரலைன்னா போன வருஷ எண்ணை வச்சு ஸ்லைடு போட்டுடறேன், ஓகேவா?" என்றால் அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கேள்வியோடு மட்டும் போகாமல் உங்கள் பதிலையும் எடுத்துக்கொண்டு போகப் பாருங்கள், பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்துவது அவருக்குச் சுலபம்.

அவர் சொல்வது தப்பு என்று தோன்றினால் எதிர்த்துப் பேசலாமா?

பேச வேண்டும். மெக்கின்சி இதை உரிமை என்றுகூடச் சொல்வதில்லை, மாற்றுக் கருத்து இருந்தால் சொல்வது கடமை என்று தன் கொள்கையிலேயே வைத்திருக்கிறது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டம்தான், எனக்கும் ஒரு வருடம் பிடித்தது.

ஆனால் இடம் பார்த்துப் பேசுங்கள். கிளையன்ட் முன்னால் ஒருபோதும் வேண்டாம். டீம் ரூமில், முடிந்தால் தனியாக, கையில் ஒரு ஆதாரத்தோடு. ஒரு ப்ராஜெக்டில் சின்ன டீலர்களால் கம்பெனிக்கு நஷ்டம், அவர்களைக் குறைத்துவிடலாம் என்பது மேனேஜரின் கருத்து. நான் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல கடை ஏறி இறங்கியிருந்தேன். சின்ன டீலர்கள் பணம் கட்டித்தான் சரக்கு எடுத்தார்கள், பெரிய டீலர்களுக்கோ அறுபது நாள் கடன். அந்த அறுபது நாள் வட்டியைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறியது. "நீங்க சொல்றது தப்பு" என்று ஆரம்பிக்காமல் "இந்த வட்டியைச் சேர்த்தா இப்படி வருது, நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று ஒரு பக்கத்தை நீட்டினேன். பாதிதான் ஒத்துக்கொண்டார், மீதிப் பாதியில் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்த ஸ்லைடும் பார்ட்னருக்குப் போகும் முன் "இதுல உனக்கு எங்கேயாவது இடிக்குதா?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்.

சொல்லிப் பார்த்தும் அவர் தன் முடிவிலேயே நின்றால் அதையே செய்யுங்கள், முழு மனதோடு. எண்ணை மாற்றிக் காட்டச் சொன்னால் மட்டும் செய்யாதீர்கள்.

சார், மேடம் என்று கூப்பிடலாமா?

பெரும்பாலான கன்சல்டிங் கம்பெனிகளில் பார்ட்னரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் நாக்கு வராது, பழகிவிடும். கிளையன்ட்டிடம் மட்டும் அந்த ஊர் வழக்கம் என்னவோ அதுதான், ஓசூர் தொழிற்சாலையில் ஐம்பது வயது பிளான்ட் ஹெட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் மேனேஜர்தான் தலையில் கை வைப்பார்.

குருகிராம் ஆபீஸ். டீமில் எல்லோரும் இந்தியில் பேசுகிறார்கள், நான் தனியாக நிற்கிறேன். இதை மேனேஜரிடம் சொன்னால் குறையாக நினைப்பாரா?

சொல்லுங்கள், முதல் வாரத்திலேயே. அவர்கள் வேண்டுமென்று செய்வது குறைவு, பேச்சு தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. "சாப்பிடும்போது எப்படிப் பேசினாலும் சரி, வேலை முடிவு எடுக்கும் இடத்தில் மட்டும் ஆங்கிலத்துக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் நான் தப்பாகப் புரிந்துகொண்டு உங்களுக்கு மறுவேலை வைப்பேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காது கொடுத்துக் கேட்டுப் பழகுவதும் நல்லது, வட இந்தியத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் நேராகப் பேச முடிந்தால் உங்களுக்குத்தான் லாபம். இதே விஷயம் ஸ்ரீபெரும்புதூரில் தலைகீழாகும். அங்கே மேனேஜருக்குப் புரியாத பேச்சு எல்லாம் உங்களுக்குப் புரியும், அதைக் கேட்டு வந்து அவருக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆள் கிடையாது.

ராத்திரி பதினொரு மணிக்கு வேலை அனுப்புகிறார். முடியாது என்று எப்படிச் சொல்வது?

"முடியாது" என்பதை விட "எது முதலில்?" என்று கேட்பது எடுபடும். "மார்க்கெட் ஸ்லைடு காலைக்குள்ள, மாடல் நாளைக்கு மதியம். ரெண்டும் காலையிலேயே வேணும்னா ரெண்டுமே அரைகுறையா வரும், எதை முதல்ல எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். பல நேரம் உங்கள் கையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்பதே அவருக்கு நினைவிருக்காது. பத்தில் பல முறை "மாடல் வெள்ளிக்கிழமை போதும்" என்று பதில் வரும்.

அதற்காக இந்த வேலையில் இரவு வேலையே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன், இருக்கும். ஆனால் எல்லா இரவும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹார்வர்டின் லெஸ்லி பெர்லோவும் ஜெசிகா போர்ட்டரும் பிசிஜியின் பாஸ்டன் ஆபீஸில் செய்துபார்த்த சோதனை 2009-ல் வெளிவந்தது. முதல் டீமில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் கட்டாய லீவு. இன்னொரு டீமில் வாரத்தில் ஒரு மாலை ஆறு மணிக்குப் பிறகு வேலையும் கிடையாது, மெயிலும் கிடையாது. யாருக்கு என்றைக்கு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பயந்தபடி வேலை கெட்டுப்போகவில்லை. ஒருவர் இல்லாத நாளில் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் டீமுக்குள் பேச்சு கூடியது. அப்புறம் அந்த ஏற்பாடு பிசிஜியின் மற்ற ஆபீஸ்களுக்கும் பரவியது. உங்கள் மேனேஜரிடம் இதைச் சொல்லியே கேட்கலாம்: வாரத்தில் ஒரு மாலை, எந்த நாள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வோம், அன்றைக்கு என் வேலையை இவர் பார்த்துக்கொள்வார். என் டீமில் நான் இதை வைத்திருக்கிறேன், புதன்கிழமை ஒருவர், வியாழன் ஒருவர்.

வீட்டு விசேஷங்களையும் ப்ராஜெக்ட் ஆரம்பத்திலேயே தேதியோடு கொடுத்துவிடுங்கள். பொங்கல் எத்தனை நாள் என்பதோ, தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே நீங்கள் ஊரில் இருந்தாக வேண்டும் என்பதோ டெல்லிக்காரருக்குத் தானாகத் தெரியாது. ஒரு மாதம் முன்பு சொன்னால் சுலபமாகக் கிடைக்கும் லீவு, நாலு நாள் முன்பு சொன்னால் சண்டையில் முடியும்.

டீம் டின்னரில் குடிக்காவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். லைம் சோடாவோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள், போகாமல் இருப்பதுதான் கண்ணில் படும்.

ஃபீட்பேக் கேட்டால் "எல்லாம் நல்லா போகுது" என்கிறார். அப்ரைசலில் மட்டும் குறை எழுதுகிறார்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "நேற்று கிளையன்ட் எம்.டி.யிடம் நான் பேசிய ஐந்து நிமிடத்தில் எதை மாற்றியிருக்கலாம்?" என்று ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். ப்ராஜெக்ட் பாதியில் இருக்கும்போது, பன்னிரண்டு வாரம் என்றால் ஐந்தாவது ஆறாவது வாரத்தில், அரை மணி நேரம் இதற்கென்றே வாங்குங்கள், கடைசி வாரத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. அவர் சொல்லும்போது விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து "இதை இப்படி மாற்றினேன், பார்த்தீர்களா?" என்று நீங்களே போய்க் கேளுங்கள். மேனேஜர் இருக்கையில் உட்கார்ந்த பிறகு சொல்கிறேன், இப்படித் திரும்பி வந்து கேட்பவர்களை மறக்கவே முடியாது.

எவ்வளவு செய்தும் சரிவரவில்லை, மனிதரே மோசம். என்ன செய்வது?

கறாரான ஆளையும் மோசமான ஆளையும் பிரித்துப் பாருங்கள். ஸ்லைடை ஐந்து முறை திருப்பி அனுப்புகிறவர் கறாரானவர், அவரிடம் நிறையக் கற்றுக்கொள்ளலாம். எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசுவது, உங்கள் வேலையைத் தன் பெயரில் காட்டுவது, கேட்ட லீவுக்குப் பழிவாங்குவது, இவையெல்லாம் வேறு. அப்படி நடந்தால் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு உங்கள் மென்டரிடமோ, யார் எந்த ப்ராஜெக்டுக்கு என்று ஸ்டாஃபிங் பார்க்கிறவரிடமோ பேசுங்கள். ப்ராஜெக்ட் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, நடுவில் ஆள் மாற்றுவது இங்கே நடக்கிற விஷயம்தான்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். பேச்சாலோ செயலாலோ பாலியல் தொல்லை என்றால் அதை மேனேஜரோடு ஒத்துப்போகும் பிரச்சினையாக நினைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 2013-ம் வருடச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார் குழு இருந்தாக வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கிளையன்ட் ஆபீஸில் நடந்தாலும் வேலைக்காகப் போன பயணத்தில் நடந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

ப்ராஜெக்ட் முடிந்தபிறகு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டுமா?

போகும் முன் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கி, எது கடைசி மாடல் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆறு மாதம் கழித்துக் கிளையன்ட் ஏதாவது கேட்கும்போது மேனேஜர் உங்களை நன்றியோடு நினைப்பார். நடுநடுவே ஒரு வரி மெசேஜ் போதும். அடுத்த ப்ராஜெக்டுக்கு ஆள் தேடும்போது மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரிப்பது இங்கே தினமும் நடப்பது.

லட்சத்தையும் மில்லியனையும் குழப்பினேன் என்று சொன்னேனே, அந்த மேனேஜர் இரண்டு வருடம் கழித்து ஒரு ப்ராஜெக்டுக்கு என் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார். சேர்ந்த முதல் நாள் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். நான் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணி வரைக்கும் உங்களைக் கூப்பிடலாம்?" அவர் சிரித்துவிட்டு, இரண்டாவதாக ஒரு நம்பர் கொடுத்தார், வீட்டு நம்பர்.